லில்லிக்குட்டி டீச்சர் வாய் திறக்காத கூட்டம்

கோட்டயம் பக்கத்தில், எங்கள் பாலாவில், ஒரு பெண் பிளஸ் டூ முடித்தால் அவள் என்ன ஆவாள் என்பது அவளைத் தவிர எல்லோருக்கும் தெரியும். நர்சிங், பிறகு அயர்லாந்து. பள்ளி ஆலோசகர்களும் அதையே சொல்லி அனுப்பினார்கள், லில்லிக்குட்டி டீச்சர் அவர்களுக்குப் பயிற்சி கொடுக்க வரும்வரை.

"ஒரு வேலை நடக்கிற இடத்துல நாள் முழுக்க நிக்காம, அதைப் பத்திப் பிள்ளைங்ககிட்ட பேசக்கூடாது" என்பது டீச்சரின் சட்டம். ஆலோசகர்கள் முணுமுணுத்துக்கொண்டே ரப்பர் ஆலைக்கும் மின்நிலையத்துக்கும் போனார்கள். அவர்களில் ஒருத்தியான ஜிஸ்மி மாட்டாஸ்பத்திரிக்குப் போனாள்.

வினை அங்கேதான் பிறந்தது. ஜிஸ்மியிடம் ஆலோசனை கேட்ட பிளஸ் டூ மாணவி ஆன்மேரி, மாட்டு டாக்டராகப் போவதாக வீட்டில் சொல்லிவிட்டாள். அவள் அப்பா வர்க்கி ஊரையே கூட்டினார்.

பள்ளி மேலாளரான பாதிரியார் மத்தாயி அச்சன், பெற்றோர் கூட்டத்துக்கு முன் டீச்சரிடம் கறாராகச் சொன்னார். "பெத்தவங்க வேணாம்னா உங்க பயிற்சியை இன்னைக்கே நிறுத்திடுவேன். நீங்க பேசாதீங்க டீச்சரே. நீங்க தயார் பண்ணினவங்க பேசட்டும்."

டீச்சர் கடைசி வரிசையில் அமர்ந்தார். இத்தனை ஆண்டு உழைப்பும் இப்போது ஜிஸ்மியின் நாக்கு நுனியில்.

வர்க்கி எழுந்து ஜிஸ்மியைப் பார்த்தார். "நர்ஸானா அயர்லாந்து. மாட்டு டாக்டரானா எங்கே மோளே?"

"தொழுவத்துலதான் சேட்டா" என்றாள் ஜிஸ்மி. "ஒரே நாள் நின்னேன். வீட்டுக்கு வந்து ரெண்டு தடவை குளிச்சும் என் புருஷன் பக்கத்துல வரல."

கூட்டம் சிரித்தது. வர்க்கி சிரிக்கவில்லை. ஜிஸ்மி தொடர்ந்தாள்.

"நுழைவுத் தேர்வு கஷ்டம். நடுராத்திரி கூப்பிட்டாலும் போகணும். மாடு உதைக்கும். எல்லாத்தையும் ஆன்மேரிகிட்ட சொன்னேன். நர்ஸ் வேலையில இருக்கிற நல்லது கெட்டதையும் சொன்னேன். எதைச் செய்யணும்னு மட்டும் நான் சொல்லல. அதை அவகிட்டயே கேளுங்க."

வர்க்கி மகள் பக்கம் திரும்பினார். "உதைக்குமாம்டீ."

"தெரியும் அப்பச்சா. அப்பவும் அதுதான் வேணும்."

வர்க்கி கூட்டத்தின் பக்கம் திரும்பினார். "அயர்லாந்து ஏஜென்ட் என்கிட்ட நல்லதை மட்டும்தான் சொன்னான்" என்றபடி மெல்ல உட்கார்ந்தவர், மறுபடி எழுந்தார். "இவ தம்பி பத்தாவது படிக்கிறான் அச்சோ. அவனை எப்போ இந்த ஜிஸ்மிகிட்ட கூட்டி வரலாம்?"

அச்சன் கடைசி வரிசையைப் பார்த்தார். "நம்ம மத்தப் பள்ளிக்கூடத்து ஆலோசகர்களையும் அடுத்த மாசம் பயிற்சிக்கு அனுப்புறேன் டீச்சரே. சேத்துக்குவீங்களா?"

இப்போது பேசலாம். டீச்சர் எழுந்து நின்றார். பொங்கிய கண்ணீரைத் துடைக்காமல், நிமிர்ந்த தலையை மட்டும் அசைத்தார்.