க என்றால் எந்த க

மூன்று வாரத்துக்கு வாயையே திறக்கக் கூடாது, கிசுகிசுப்பது அதைவிடக் கெடுதல் என்று தொண்டை மருத்துவர் சொன்னபோது, மங்கையர்க்கரசிக்கு முதலில் வந்தது 'அப்பாடா' என்ற எண்ணம்தான். சனிக்கிழமை நினைவுக்கு வந்தது அதற்கப்புறம்.

கூட வந்திருந்த கணவர் சதாசிவம் மருத்துவரிடம் இந்தியில் கேட்டார்: "டாக்டர் சாப், இதையே ஆறு மாசத்துக்கு எழுதித் தர முடியுமா?"

மருத்துவர் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை. சிரிப்பதற்கும் தொண்டை வேண்டியிருந்தது. நவம்பர் புகை ஒரு பக்கம் என்றால், மீதி அவளே பேசிப் பேசிக் கெடுத்துக்கொண்டது.

மேற்கு டெல்லியிலுள்ள அந்தப் பல்கலைக்கழகத்தில் மாணவர் வானொலி தொடங்கிய ஆண்டு அவள் எம்.ஏ. படித்துக்கொண்டிருந்தாள். மைக் சரியாக இருக்கிறதா என்று பார்க்க யாரையாவது பேசச் சொன்னார்கள். பக்கத்தில் நின்றவள் இவள். அன்று பேச ஆரம்பித்தவள் படிப்பு முடிந்தும் நிறுத்தவில்லை. நிகழ்ச்சி ஒருங்கிணைப்பாளர் என்று பெயர். வருடா வருடம் புதுப்பிக்கும் ஒப்பந்த வேலை. நூலக மொட்டை மாடியில் நட்ட கோபுரத்தின் ஒலி ஜனக்புரி வரை தெளிவாகப் போகும். துவாரகாவில் சில செக்டர்களில் பேச்சு, சில செக்டர்களில் வெறும் இரைச்சல். சொந்தமாகச் செய்தி வாசிக்க அனுமதி கிடையாது. அதனால் தேர்வுக் குறிப்புகள், பெண்களுக்கான மருத்துவ ஆலோசனை, பக்கத்துக் கிராமத்து ஹரியான்வி பாட்டு, தொலைந்துபோன அடையாள அட்டைகள் என்று நாள் நகரும். ஆகஸ்டில் மாணவர்கள் உலகையே மாற்றப்போகிறவர்களாக வருவார்கள். பிப்ரவரியில் தேர்வு வந்ததும் காணாமல் போவார்கள். ஒவ்வொரு கூட்டத்துக்கும் அவள் சொல்கிற முதல் பாடம் ஒன்றுதான்: மைக்கைத் தட்டாதே. அவர்கள் அவளை 'மேங்கோ மேம்' என்று கூப்பிட்டார்கள். அதைத் திருத்துவதையும் அவள் எப்போதோ விட்டுவிட்டாள்.

சனிக்கிழமை காலை வரும் 'அரைமணித் தமிழ்' மட்டும் அவளுடையது. முன்பு மாணவர்கள் நாலைந்து பேர் முறைவைத்து நடத்தினார்கள். அவர்கள் போனபின் அவள் தனியாகவே எழுதினாள், தனியாகவே பேசினாள்.

நிலைய இயக்குநர் சக்சேனா கெட்டவரல்ல. "மங்கை ஜி, பழைய ஒலிப்பதிவைப் போட்டு ஓட்டலாம் என்று நினைக்காதீர்கள். ஏற்கெனவே பாதி நாள் மறுஒலிபரப்புதான்" என்றார். "இந்தச் சனிக்கிழமை நேரலையில் பேச ஆள் இல்லையென்றால் அந்த அரைமணியைத் தொழில்முனைவோர் மன்றத்துப் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிடுகிறேன். ரொம்ப நாளாகக் கேட்கிறார்கள்."

மறுத்துப் பேச அவளால் முடியவில்லை. தலையை மட்டும் ஆட்டினாள்.

நிலையத்தில் தமிழ் தெரிந்த இன்னொரு ஆள் மானசா. துவாரகாவிலேயே பிறந்து வளர்ந்தவள், பொருளாதாரம் இரண்டாமாண்டு. மங்கை கைபேசியில் ஆங்கிலத்தில் தட்டிக் காட்டியதைப் படித்துவிட்டுச் சொன்னாள்: "பேசுவேன் மேம். அம்மா திட்டினா ஃபுல்லா புரியும். ஆனா படிக்க வராது."

ஆகவே மங்கை தன் தமிழை இந்தி எழுத்தில் எழுதினாள். எழுதி முடிப்பதற்குள் கண் இரண்டும் செருகின.

சனிக்கிழமை ஒலிபரப்பு அறைக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மானசா, இந்தப் பக்கம் மங்கை. சிவப்பு விளக்கு எரிந்தது.

"வணக்கம். நம் ஜனக்புரித் தன்க்கை ஒருத்தி நீச்சல் போட்டியில் தன்க்கம் வென்றிருக்கிறாள்..."

மங்கை நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தாள். தப்பு அந்தப் பெண்ணுடையதல்ல. தமிழில் ஒரே க. கடையில் வருவது ஒரு மாதிரி, தங்கத்தில் வருவது வேறு மாதிரி என்று வாய் தானாகப் பிரித்துக்கொள்ளும். இந்தியில் அதற்குத் தனித்தனி எழுத்து. தூக்கக் கலக்கத்தில் மங்கை எல்லா இடத்திலும் கடையின் க-வையே போட்டு வைத்திருந்தாள். த-வும் ப-வும் அப்படியேதான். எழுதியிருந்ததை மானசா எழுத்துப் பிசகாமல் படித்துக்கொண்டிருந்தாள்.

மங்கை கையை ஆட்டினாள். பாராட்டு என்று நினைத்து மானசா கட்டைவிரலை உயர்த்தினாள். மங்கை ஒரு தாளில் பெரிதாக 'மென்மையாக' என்று எழுதிக் கண்ணாடியில் ஒட்டிப் பிடித்தாள். மானசா உதட்டைப் பிதுக்கினாள். அது தமிழ் எழுத்து.

அப்போது தொலைபேசி விளக்கு மினுங்கியது. ஜனக்புரி பூவராகவன், வங்கியில் ஓய்வு பெற்றவர். வாராவாரம் குறை சொல்ல மட்டுமே கூப்பிடுகிறவர். மங்கை அவரை ஒருபோதும் ஒலிபரப்பில் விட்டதில்லை. மானசாவுக்கு அது தெரியாது. பொத்தானை அழுத்திவிட்டாள்.

"யாரும்மா அது? மங்கை எங்க?"

"மேமுக்குத் தொண்டை கெட்டுப்போச்சு அங்கிள்."

"கெட்டுப்போறதுக்கு அதென்ன பாலா? சரி, அது என்ன தன்க்கை? யாரோட கை?"

"கை இல்ல அங்கிள். தங்கை. சிஸ்டர்."

"இப்ப மட்டும் சரியா வருதே! படிக்கறப்ப என்ன வந்துது?"

"எனக்குத் தமிழ் படிக்க வராது. மேம் ஹிந்தியில எழுதிக் குடுத்தாங்க."

மங்கை கண்ணை மூடிக்கொண்டாள். அரைமணி அவ்வளவுதான் என்று தோன்றியது.

"ஹிந்தியிலயா!" அந்தப் பக்கம் யாரோ விழுந்து விழுந்து சிரிப்பது கேட்டது. "அச்சா... என் பேரனும் அந்தக் கேஸ்தான். தன்க்கை, தன்க்கைன்னு சொல்லிட்டு சோபால உருள்றான். இத்தனை வருஷத்துல இன்னிக்குத்தான் ரேடியோ பக்கம் வந்திருக்கான்."

"அவன்கிட்ட ஃபோனைக் குடுங்க அங்கிள்."

பையன் வந்தான். "தீதி, ஏக் பார் அவுர்!" என்றான். மானசா 'தன்க்கை' என்று இன்னொரு முறை சொல்லிக் காட்டினாள். பிறகு அவன் தனக்குத் தெரிந்த தமிழ்ச் சொற்களை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டான். தாத்தா பின்னாலிருந்து கத்தித் திருத்தினார். துவாரகாவிலிருந்து ஓர் அம்மா கூப்பிட்டு, தன் மகள் 'பழம்' சொல்வதைக் கேட்டு மார்க் போடுங்கள் என்றாள். மங்கை எழுதிய பக்கங்கள் மைக்குக்குப் பக்கத்தில் புரட்டப்படாமல் கிடந்தன.

நிகழ்ச்சி முடியும்போது சக்சேனாவின் செய்தி கைபேசியில் வந்தது. 'அரைமணி அப்படியே இருக்கட்டும். வாராவாரம் இதேபோல.'

இதேபோல. அவள் அதை இரண்டு முறை படித்தாள். சுத்தமாக, பிழையில்லாமல் அவள் பேசிய அத்தனை சனிக்கிழமைகளிலும் பூவராகவன் வீட்டு சோபாவில் யாரும் உருளவில்லை. வலித்ததா என்றால் வலித்தது. ஆனால் அதையே நினைத்து வருந்துகிற அளவுக்கு அவளிடம் தெம்பு இல்லை.

"மேம்! அடுத்த வாரம் எதுவும் எழுத வேணாம். நானே சும்மா பேசிக்கறேன்," என்று உள்ளிருந்து கத்திய மானசா, குஷியில் மைக்கின் தலையில் தட்டினாள்.

மங்கை வாயைத் திறந்தாள். மருத்துவர் ஞாபகம் வந்தது. மூடிக்கொண்டு, விரல் முட்டியால் கண்ணாடியில் ஒரு தட்டு தட்டினாள்.

மானசா சட்டென்று கையை எடுத்துக்கொண்டாள். "சாரி மேம். தட்டக் கூடாது."

அது போதும் என்றிருந்தது. அடுத்து வருவது ஹரியான்வி பாட்டு. அதற்கு யாரும் பேச வேண்டியதில்லை. மங்கை நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டாள்.