சுண்ணாம்புக் கோட்டு வீடு

“செவுத்து மேல நடக்காதீங்க. வாசல் அந்தப் பக்கம்.”

எதிரே சுவரும் இல்லை, வாசலும் இல்லை. மூணாறை அடுத்த பள்ளிவாசல் என்ற ஊருக்கு மேலே ஒரு சரிவில் சமப்படுத்திய மண், அதில் சுண்ணாம்புப் பொடியால் இழுத்த வெள்ளைக் கோடுகள், அவ்வளவுதான். கோடு விட்டுப்போன மூன்றடி இடைவெளியைத் தேடி அதன் வழியே நான் ஹாலுக்குள் நுழைந்த பிறகுதான் ஜிஷாவின் முகம் தெளிந்தது. கையில் பாதி காலியான சுண்ணாம்புப் பை. முழங்கை வரை வெள்ளை.

ஆர்க்கிடெக்ட் ஜிஷாவுக்கு இருபத்தெட்டு வயது. தேயிலை எஸ்டேட் லயத்தில், தொழிலாளர் வரிசை வீடு ஒன்றில் பிறந்தவர். “எட்டுக்குப் பத்து ரூம்ல ஆறு பேரு. ஒருத்தர் திரும்பிப் படுத்தா மத்த அஞ்சு பேரும் திரும்பணும். ஒரு எடத்துல ஒடம்பு எப்படி நகருதுன்னு அங்கதான் பாத்தேன்,” என்கிறார். படித்து முடித்ததும் கொச்சியில் ஒரு பெரிய ஆர்க்கிடெக்டிடம் வேலை. “ரெண்டு வருசம் பாத்ரூம் மட்டும் வரைஞ்சேன். நூத்திப்பத்து பாத்ரூம்.” பிறகு மூணாறுக்குத் திரும்பி, ஒரு பேக்கரியின் மாடியில் மேசை போட்டார். கீழிருந்து வரும் ரொட்டி வாசனையில்தான் அவருடைய வரைபடங்கள் பிறக்கின்றன.

எந்த நாற்காலியில் உட்கார்ந்தாலும் உடனே உயரம் சொல்லிவிடுவார். “நாப்பத்தேழு. ரெண்டு சென்டி கூடுதல்.” பஸ் ஸ்டாண்டு, பல் டாக்டர், சர்ச் என்று எந்த இடமும் தப்பாது. அவரே வடிவமைத்த மூன்றுகால் நாற்காலி ஒன்று அலுவலக மூலையில் இருக்கிறது. யாரும் வாங்கவில்லை. அவர் வரையும் வீடுகளில் பூ வேலை கிடையாது, வளைவு கிடையாது. “தூணு தாங்குறதுக்கு. அதுல எதுக்கு மயிலு?”

சுண்ணாம்புக் கோட்டுப் பழக்கம் முதல் வீட்டில் தொடங்கியது. ஜீப் ஓட்டும் ஷைஜுவும் அவர் மனைவி நிமியும் தங்களுக்கும் சுற்றுலா விருந்தினர்களுக்குமாக ஒரு வீடு கேட்டார்கள். ஜிஷா பள்ளத்தாக்கைப் பார்த்து ஒரே நீள அறை வரைந்தார். காகிதத்தில் நிமிக்கு ஒன்றும் புரியவில்லை. அதனால் ஜிஷா மனையிலேயே முழு அளவில் கோடு போட்டு, “எந்திரிச்சதுல இருந்து படுக்குற வரைக்கும் என்ன செய்வீங்களோ, அத இதுக்குள்ள செஞ்சு காட்டுங்கக்கா” என்றார்.

நிமி இல்லாத அடுப்பைப் பற்றவைத்தார், இல்லாத ஜன்னலைத் திறந்தார். பிறகு நீள அறையின் நடுவே நடந்தபோது ஓரிடத்தில் வலது காலை உயரத் தூக்கி, எதையோ தாண்டிப் போனார்.

“அங்க ஏன்க்கா கால தூக்குனீங்க?”

“தூக்கலியே.”

அடுத்து ஷைஜு நடந்தார். அதே இடத்தில் அவர் காலும் உயர்ந்தது. அவருக்கும் அது தெரியவில்லை. மூன்றாவதாக ஜிஷா, மண்வெட்டியோடு ஓரமாக நின்றிருந்த வேலையாள் பிஜுவை அழைத்து, எதுவும் சொல்லாமல் நடக்கவிட்டார். பிஜுவும் தூக்கினார். மஞ்சு என்று அங்கே சொல்லும் மூடுபனி இறங்கியிருந்த பகல் பதினொரு மணி. ரசமட்டம் வைத்துப் பார்த்தார்கள். தரை ஒரு நூல்கூட ஏறி இறங்கவில்லை.

“பெறகு நான் நடந்தேன்,” என்றார் ஜிஷா. “தூக்கக் கூடாதுன்னு பல்லக் கடிச்சிட்டு நடந்தேன். நிமியக்கா செல்லுல எடுத்தாங்க. பாத்தா, நானும் தூக்கியிருக்கேன்.”

அன்றே பிஜு அங்கே தோண்டினார். ஆறடி வரை செம்மண். கல் இல்லை, எலும்பு இல்லை, ஈரம்கூட இல்லை. ஷைஜுவுக்குக் கோபம் வந்தது. “பாத்தியா? ஒண்ணுமே கெடையாது. கிறிஸ்மஸ் சீசனுக்குள்ள வீடு எந்திரிக்கணும்.”

“ஒண்ணும் இல்லாத எடத்துலதான் எல்லாரும் தாண்டுறோம், அண்ணே. அது மேல தரை போடுற பிளான்ல நான் ஒப்பு போட மாட்டேன்.”

“நாளைக்கு இத வெளிய சொன்னா ஒனக்கு எவன் வேல குடுப்பான்?”

ஷைஜு வரைபடத்தைச் சுருட்டி எடுத்துக்கொண்டு போனார். ஜிஷாவின் கையில் இருந்த ஒரே வேலை அது. அம்மாவிடம் சொல்லாமல், மறுபடியும் கொச்சிக்கு விண்ணப்பம் எழுதியதாக ஒப்புக்கொள்கிறார்.

பதினேழாம் நாள் ஷைஜு பேக்கரி மாடிக்கு வந்தார். உட்காரவில்லை. தொடுபுழையிலிருந்து வேறொரு இன்ஜினியரை மனைக்குக் கூட்டிப்போயிருக்கிறார். தோண்டிய குழியை மூடி மட்டமாக்கியிருந்தார்கள். நடுவில் பெய்த மழையில் கோடுகள் ஒன்றுகூட மிச்சமில்லை. வந்தவர் செல்லில் பேசிக்கொண்டே மனையைக் குறுக்கே கடந்திருக்கிறார்.

“தூக்குனாரு, ஜிஷா. நான் அவருகிட்ட ஒரு வார்த்தை சொல்லல. போகும்போதும் தூக்குனாரு, வரும்போதும் தூக்குனாரு.” ஷைஜுவின் குரல் இறங்கிவிட்டது. “அந்த எடத்த மட்டும் விட்டுட்டு வரை. எப்படியாச்சும் வரை.”

வரைந்தார். நீள அறை அந்த இடத்தை நெருங்கியதும் இரண்டாகப் பிரிந்து, சுற்றிப் போய், மறுபடி சேர்கிறது. நடுவில் ஒரு பாய் விரிக்கும் அளவுக்கு வெறும் மண். நான்கு பக்கமும் கண்ணாடி, மேலே வானம். கதவு வைக்கவில்லை. பள்ளத்தாக்கிலிருந்து ஏறும் மஞ்சு கூரையைக் கடந்து, அதற்குள் இறங்கி, வெகுநேரம் நிற்கும். தங்க வருகிறவர்கள் அதன் முன் நின்று படம் எடுக்கிறார்கள். அந்தப் படங்களைப் பார்த்துத்தான் மேலும் மூன்று வீடுகள் வந்தன. “கொச்சியில என் பழைய பாஸ் கூப்பிட்டு, ‘வெற்றிடத்த என்னமா பயன்படுத்தியிருக்க’ன்னாரு. நான் தேங்க்ஸ் சார்னு போன வச்சிட்டேன்.”

அங்கே என்னதான் இருக்கிறது என்று கேட்டேன். “தெரியாதுங்க. தெரிஞ்சிருந்தா தூங்கியிருப்பேன்,” என்றார்.

மாடியில் அந்த வரைபடத்தை எனக்காக விரித்தார். ஹால், அடுக்களை, படுக்கை அறை என்று ஒவ்வொன்றிலும் சின்ன எழுத்தில் பெயர். நடுவிலிருந்த சதுரத்தில் மட்டும் எதுவும் எழுதவில்லை. காகிதம் சுருண்டுகொண்டே வந்ததால், கையிலிருந்த டீ கிளாஸை அந்தச் சதுரத்தின் மேல் பாரமாக வைத்தேன். ஜிஷா பேச்சை நிறுத்தவில்லை, என்னைப் பார்க்கவும் இல்லை. விரல் நுனியால் கிளாஸை மெல்லத் தூக்கி, வரைபடத்தின் அடுக்களையில் வைத்தார்.