பட்ஜெட்டுக்கு விழுந்த கைதட்டல்

கல்யாணமாகி என் கணவர் என்னை முதன்முதலாக வெளியே அழைத்துப் போனது சட்டசபைக்கு. எழுபதுகளில், மலையாள நாட்டில் நாங்கள் இருந்தபோது நடந்தது. ஆரியசாலைக் கடைத்தெருவில் அவருக்கு அப்பள மொத்த வியாபாரம். அந்த வருஷ பட்ஜெட்டில் அப்பளத்துக்கு விற்பனை வரி கூடும் என்று ஒரு பேச்சு. நேரில் கேட்டு வர வியாபாரிகள் அவரை அனுப்பினார்கள். யாரோ எம்.எல்.ஏ. மூலம் எனக்கும் பாஸ் கிடைத்தது. கல்யாணப் பட்டுப்புடவையைக் கட்டிக்கொண்டு கிளம்பினேன்.

பார்வையாளர் மாடத்தில் மின்விசிறி நன்றாகச் சுற்றியது. நிதி மந்திரி ரப்பர், தேயிலை, மத்திய அரசு தராத பணம் என்று ஒரே குரலில் வாசித்துக்கொண்டே போனார். என் கணவர் காதருகே குனிந்து, "பப்படம்னு சொன்னா என்னைத் தட்டு, கேட்டியா?" என்று சொல்லிவிட்டுக் கண்ணை மூடினார்.

நெடுநேரம் கழித்துப் பப்படம் வந்தது. வரி கூடுகிறது என்றார் மந்திரி. தோளில் தட்டினேன். அதே சமயம் ஆளுங்கட்சிக்காரர்கள் மேஜையைத் தட்டினார்கள். திடுக்கிட்டு விழித்தவர், நல்ல செய்திதான் என்று நினைத்து, கைகளை உயர்த்திப் படபடவென்று தட்டினார். கீழே சபை முழுவதும் நிமிர்ந்து பார்த்தது.

"இவிடே கையடிக்கான் பாடில்ல. வெளியில் வரூ" என்று மலையாளத்தில் அதட்டி, கைதட்டிய குற்றத்துக்காகக் காவலர் எங்கள் இருவரையும் வெளியேற்றினார்.

வாசலுக்கு வந்ததும் என் கணவர், "எவ்வளவு குறைச்சிருக்கான்?" என்றார்.

"கூட்டியிருக்காரு."

அப்புறம் நான் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. பார்த்தால் சிரிப்பு வந்துவிடும்.

மாடத்தில் இன்னொரு வியாபாரியும் இருந்திருக்கிறார். நாங்கள் பஸ் பிடித்து, கிழக்கேகோட்டையில் இறங்கி நடப்பதற்குள் அவர் ஸ்கூட்டரில் போய்ச் சொல்லிவிட்டார். கடை வாசலில் கூட்டம்.

"வரிக்குக் கையடிக்கவா அண்ணாச்சி உம்மை அனுப்பினோம்?"

என் கணவர் நிதானமாகச் செருப்பைக் கழற்றினார். "அது பரிகாசக் கையடிவே. உமக்குப் புரியல்லேன்னா நான் என்ன செய்ய?"

அதோடு முடிந்திருக்கும். ஆனால் பட்ஜெட் விவாதத்தில் ஓர் எதிர்க்கட்சி உறுப்பினர், மனம் நொந்த வியாபாரி ஒருவர் மாடத்திலிருந்தே அரசைக் கேலி செய்தார் என்று பேசிவிட்டார். இல்லை, அவர் வரியை வரவேற்றார் என்றார் ஆளுங்கட்சிக்காரர். தட்டியது வயிற்றெரிச்சலிலா சந்தோஷத்திலா என்று சபையில் ஒரே கூச்சல். மறுநாள் பேப்பரிலும் வந்தது. பெயர் போடவில்லையே என்று இவருக்கு வருத்தம்.

கடைசியில் பதிலுரையில் மந்திரி சில வரிகளைக் கைவிட்டார். அப்பளமும் தப்பித்தது. அன்று சாயங்காலமே ஆரியசாலையில் கூட்டம் போட்டு என் கணவருக்கு மாலை போட்டார்கள். கைதட்டியே ஒரு அரசாங்கத்தை எப்படி எதிர்ப்பது என்று அவர் விளக்கினார். அரிசி மூட்டைமேல் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்த எனக்கே, இவர் தூங்கினாரா இல்லையா என்று சந்தேகம் வந்துவிட்டது.

கூட்டம் கலையும்போது பருப்புக்கடைக்காரர் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். "அடுத்த பட்ஜெட்டுல பருப்புக்கும் அண்ணாச்சிதான் போய் ஒரு கையடி கொடுக்கணும்."

இவர் யோசித்தார். என்னைப் பார்த்தார்.

"வீட்டுல அவளும் கூட வந்தாப் போறேன்" என்றார்.