நாலரை மணிக்கு மேல் பஸ் இல்லை

ஐரோப்பாவில் ஸ்லவோனியா என்ற பகுதியில், எங்கள் மண்டல ஆட்சி அலுவலகத்தில் நான் கார் ஓட்டுகிறேன். மண்டலத் தலைவர் கோலாரிச்சின் கார். ஐரோப்பிய இளைஞர் வாரம் என்று ஆண்டுக்கொரு முறை வரும். அந்த வாரம் மட்டும் அவருக்கு இளைஞர்கள் மேல் பாசம் பொங்கும். மண்டலச் சபைக்கு ஆலோசனை சொல்ல ஓர் இளைஞர் மன்றம் இருக்கிறது. அதற்குப் புதிதாகத் தேர்வாகி வந்தவள்தான் டிஹானா. நர்சிங் மாணவி, யெலாஸ் கிராமத்துப் பெண், ஒல்லியான உடம்பு, கறாரான பேச்சு. அந்த வாரம் அவள் கையில் நீலப் பலூனைத் திணித்து, படம் எடுக்க அலுவலகப் படியில் நிற்கச் சொன்னார்கள்.

"நான் யாரோட பிறந்தநாளுக்கும் வரல. பஸ் விஷயமா பேச வந்தேன்" என்றாள்.

"பேசலாம் கண்ணு, முதல்ல சிரி" என்றார் கோலாரிச்.

படம் எடுத்தார்கள். பேச்சு நடக்கவில்லை.

யெலாஸ் பக்கத்துக் கிராமங்களுக்கு மாலை நாலரைக்கு மேல் பஸ் கிடையாது. ஆஸ்பத்திரியில் பயிற்சி முடியவே இருட்டிவிடும். பிள்ளைகள் ரோட்டில் நின்று, வருகிற வண்டிக்குக் கை காட்டி ஏறிப் போவார்கள். டிஹானாவின் தோழி மிர்னா அப்படி ஏறிய ஒரு காரில், ஓட்டியவன் கை நீண்டதும் கதவைத் திறந்து குதித்தாள். கால் உடைந்தது. படிப்பும் அதோடு நின்றது. டிஹானா மன்றத்துக்குள் நுழைந்ததே அதற்காகத்தான்.

மாலை பஸ் வேண்டும் என்று மன்றம் ஒருமனதாகத் தீர்மானம் போட்டு அனுப்பியது. சபை அதை 'மகிழ்ச்சியுடன் கவனத்தில் கொண்டது'. எங்கள் அலுவலகத்தில் அப்படிச் சொன்னால் கிடப்பில் போட்டாயிற்று என்று பொருள்.

இலையுதிர் காலத்தில் வியன்னாவில் பல நாட்டு மண்டலங்களின் இளைஞர் மாநாடு. வேனை நான்தான் ஓட்டினேன்; தலைவரும் கூட வந்தார். தலைவரின் உதவியாளன் மார்யான் வழியில் டிஹானாவிடம் ஒரு தாளை நீட்டினான். எங்கள் மண்டலத்தில் இளைஞர் குரலுக்கு எத்தனை மதிப்பு என்று அதில் எழுதியிருந்தது.

"இது யார் குரல்?" என்று கேட்டாள்.

"உன் குரல்தான். நான் எழுதிக் குடுத்திருக்கேன், அவ்வளவுதான்."

மேடையில் அவள் அந்தத் தாளைத் திருப்பி வைத்துவிட்டு மிர்னாவின் காலைப் பற்றிப் பேசினாள். யார் கேட்டும் பஸ் வரவில்லை என்றாள். கூட்டம் எழுந்து நின்று கை தட்டியது. எல்லோரையும்விடப் பலமாகத் தட்டியவர் கோலாரிச். கடைசி வரிசையிலிருந்து நான் பார்த்தேன்.

ஊர் திரும்பிய சில நாளில் அலுவலக வாசலில் ஆளுயரச் சுவரொட்டி. பேசிக்கொண்டிருக்கும் டிஹானாவின் முகம், கீழே 'எங்கள் மண்டலத்தில் இளைஞர்கள் அஞ்சாமல் பேசுகிறார்கள்' என்ற வாசகம். பஸ் பற்றி ஒரு சொல் இல்லை. அதைப் பார்த்தவள் நேரே கழிப்பறைக்குப் போய் வாந்தி எடுத்தாள். மிகைப்படுத்தவில்லை. வெளியே வந்து என்னிடம்தான் தண்ணீர் வாங்கிக் குடித்தாள்.

"என் வாயையே எடுத்து வித்துட்டாங்க, மாமா" என்றாள்.

அந்தச் சுவரொட்டியைக் கிழித்துப் போட எனக்கும் தோன்றியது. ஆனால் நான் அவர்களிடம் சம்பளம் வாங்குகிறவன்.

குளிர்காலத்தில் வரவுசெலவுக் கூட்டம் நடந்தது. சபைக் கூட்டத்தை யாரும் வந்து பார்க்கலாம். டிஹானா நர்சிங் பிள்ளைகளையும் தொழிற்பள்ளிப் பையன்களையும் கூட்டி வந்து பார்வையாளர் இருக்கைகளை நிரப்பினாள். கோஷமில்லை, பதாகையில்லை. இருட்டியபின் கூட்டம் முடிந்து உறுப்பினர்கள் கோட்டு மாட்டினார்கள். பிள்ளைகள் எழுந்திருக்கவில்லை.

"முடிஞ்சுபோச்சு, கிளம்புங்க" என்றான் மார்யான்.

"எப்படிக் கிளம்பறது? பஸ் இல்லையே" என்றாள் டிஹானா.

"அதுக்கு இங்கயே படுப்பீங்களா?"

"வெளியில பனி கொட்டுது. இங்க கதகதப்பா இருக்கு. நீங்க போங்க, நாங்க விளக்கை அணைச்சுக்கறோம்."

போலீசைக் கூப்பிடலாமா என்று உள்ளறையில் குசுகுசுத்தார்கள். வீட்டுக்குப் போக வழி கேட்ட பிள்ளைகளைப் போலீஸ் இழுத்துப் போவது படத்தில் நன்றாக இருக்காது. கடைசியில் அலுவலகக் கார்களையும் உறுப்பினர்களின் கார்களையும் வரிசையாகக் கொண்டுவந்து நிறுத்தினோம். டிஹானாவும் இரண்டு பெண்களும் என் காரில் பின்னால் ஏறினார்கள். கோலாரிச் முன்னால்.

"இவ்வளவு நாடகம் எதுக்கும்மா? நேரா வந்து கேட்டிருக்கலாமே" என்றார்.

பின்னால் ஒருத்திக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

கொஞ்ச தூரம் போனபின் அவரே குரலைக் குழைத்தார். "உன்ன மாதிரி பிள்ளைங்கதான் கட்சிக்கு வேணும். அடுத்த தேர்தல்ல நம்ம பட்டியல்ல ஒரு இடம் தர்றேன்."

"எனக்கு இடம் பஸ்ல வேணும், ஐயா."

யெலாஸில் இறங்கும்போது மார்யான் இன்னொரு காரில் வந்து படம் எடுத்தான். மறுநாள் பத்திரிகையில், பனியில் பிள்ளைகளைத் தாமே வீடு சேர்த்த தலைவர். அதைப் படித்துவிட்டு என் மனைவி, "நல்ல மனுஷன்ல?" என்றாள். நான் சூப்பை அப்படியே வைத்துவிட்டு எழுந்தேன்.

ஆனால் அடுத்த கூட்டத்துக்கும் பிள்ளைகள் வந்தார்கள், அதற்கடுத்ததற்கும்; ஒவ்வொரு முறையும் கார்களில்தான் கொண்டுபோய் விட வேண்டியிருந்தது. சேற்றுப் பாதையில் சொந்தக் காரை ஓட்டி அலுத்த உறுப்பினர்களே கடைசியில் தலைவர்மேல் பாய்ந்தார்கள். வசந்தத்தில் மாலை பஸ் விட்டார்கள். நியாயத்தால் வந்த பஸ் இல்லை, கார் கழுவுகிற எரிச்சலில் வந்தது. மிர்னா மறுபடி படிப்பில் சேர்ந்தாள், லேசாக நொண்டிக்கொண்டே.

பஸ்ஸின் தொடக்க விழாவுக்கு டிஹானா போகவில்லை. மன்றத்திலிருந்தும் விலகிவிட்டாள். யாருடைய பட்டியலிலும் சேராமல் சபைத் தேர்தலில் நின்றாள், தோற்றாள். மறுபடி நிற்கப்போகிறாளாம். இப்போது நகரத்து ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை.

கோலாரிச் இன்னும் தலைவர்தான். ஆஸ்பத்திரி வழியாகப் போகும்போதெல்லாம், "அந்தப் பொண்ண அரசியலுக்குக் கொண்டுவந்ததே நான்தான் தெரியுமா?" என்பார். நான் ரேடியோவைச் சத்தமாக வைத்துக்கொள்வேன்.