தலைக்கு எக்ஸ்ரே எடுக்க வந்தவர்கள்

எக்ஸ்ரே அறைக்குச் சந்தோஷமாக வருகிறவர் எவருமில்லை. பதுளை ஆஸ்பத்திரியில் பன்னிரண்டு வருடம் படம் எடுத்து, அந்தக் கதவைத் திறந்து மூடியவள் நான். பெயர் கூப்பிடும்வரை வெளியே வாங்குப் பலகையில் உட்கார்ந்து கால் மரத்துப்போன உங்களுக்கு நான் அதிகம் விளக்கத் தேவையில்லை.

மூடாத உச்சி

ஸ்பிரிங்வெளித் தேயிலைத் தோட்டத்திலிருந்து ஓர் இளம் தாய் ஐந்து மாதக் குழந்தையோடு ஓடிவந்தாள். லயத்து வீட்டில் கட்டியிருந்த சேலைத் தொட்டில் அறுந்து, பிள்ளை சீமெந்துத் தரையில் விழுந்துவிட்டது. படம் திரையில் வந்ததும், மண்டையோட்டின் குறுக்கே ஓடிய கருங்கோடுகளைப் பார்த்து, "உடைஞ்சிருச்சே!" என்று அலறினாள். அவை வெடிப்பல்ல, எலும்புகள் சேரும் பொருத்துகள். எல்லாக் குழந்தைக்கும் உண்டு, வளர வளர இறுகும் என்றேன். டாக்டரும் பார்த்து, முறிவில்லை என்றார். பிள்ளையின் உச்சிக்குழியில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு அவள் கேட்டாள்: "அப்ப சாமி இன்னும் தைச்சு முடிக்கலைங்களா மிஸ்?"

கூடைக் கயிறு

நாற்பது வருடம் கொழுந்துக் கூடையின் கயிற்றைத் தலையில் மாட்டிச் சுமந்து ஓய்வுபெற்ற ஓர் அம்மா, தீராத தலையிடி என்று வந்தார். கயிறு அழுத்திய இடத்தில் முடி தேய்ந்து தழும்பாகியிருந்தது. படத்திலோ எலும்பு சுத்தமாக இருந்தது. நல்ல செய்தி என்று நினைத்துத்தான் சொன்னேன். அவர் முகம் வாடிவிட்டது. "அவ்வளவு பாரத்துக்கும் எலும்புல ஒரு கோடுகூட இல்லைங்களா?"

கன்ன எலும்பு

பசறைப் பக்கமிருந்து வந்தவளுக்கு முப்பது வயதிருக்கும். இடது கண் வீங்கி மூடியிருந்தது. நான் கேட்டதற்கெல்லாம் புருஷனே பதில் சொன்னான். "மலையில வழுக்கி விழுந்துட்டா" என்றான். படம் எடுக்கும்போது வேறு யாரும் உள்ளே நிற்கக் கூடாது என்று அவனை வெளியே அனுப்பினேன். அவளுடைய தோட்டையும் மூக்குத்தியையும் நானே கழற்றினேன்.

கன்ன எலும்பு உடைந்திருந்தது. தாடையிலும் ஒரு முறிவு, கோணலாகச் சேர்ந்து ஆறிப்போனது. "தாடை எப்ப உடைஞ்சது?" என்றேன். கதவைப் பார்த்தாள். பிறகு மெதுவாக, "தாடை போன தீபாவளிங்க. கன்னம் இந்தத் தீபாவளி" என்றாள்.

படத்தை அன்று டியூட்டியிலிருந்த யாழ்ப்பாணத்து டாக்டரம்மாவிடம் நானே கொண்டுபோய் விஷயத்தைச் சொன்னேன். புருஷன் வாசலில் நின்று, "பஸ் போயிரும், அனுப்புங்க" என்று அவசரப்படுத்தினான். டாக்டரம்மா தலைநிமிராமல், "நீங்கள் போங்கோ. அவவை வார்டில வைச்சிருக்கிறம். பொலிசும் வந்து கதைக்கட்டும்" என்றார். ஐந்தாம் நாள், அக்கா வீட்டுக்குப் போகிற வழியில் அவள் என் அறைக்குள் எட்டிப்பார்த்தாள். "பொலிஸ்ல எல்லாத்தையும் நானே சொல்லிட்டேங்க மிஸ்."

மண்டையோட்டில் இருபத்திரண்டு எலும்புகள், அவற்றில் அசைவது கீழ்த்தாடை ஒன்றுதான் என்று பரீட்சையில் எழுதிப் பாஸானவள் நான்; அந்த ஒன்றை அசைக்க எங்கள் சனத்துக்கு எத்தனை வருஷம் ஆகும் என்று அதில் யாரும் கேட்கவில்லை.