கிணற்றடியில் கொட்டிய கற்கள்

அவசர மண்காப்பு மானியப் பிரிவில் நான் தனியாகப் போன முதல் இன்ஸ்பெக்‌ஷன் ஒரு வசந்தகால வெள்ளத்துக்குப் பிறகு வந்தது. வெள்ளத்தில் கரை அரிபட்ட பண்ணைகளைப் போய்ப் பார்த்து, திருத்தும் செலவில் ஒரு பங்கை அரசாங்கம் கொடுக்கலாமா என்று எழுதுவதுதான் எங்கள் வேலை. ஒரு விதி மிக இறுக்கமானது. நாங்கள் பார்த்து அனுமதிக்குமுன் வேலை தொடங்கியிருந்தால் மானியம் இல்லை.

நான் குடியிருந்த ஸ்காபரோ நகர்ப்பகுதியிலிருந்து காலையில் காரை எடுத்தேன். மூடுபனியில் முதலில் அப்பார்ட்மென்ட் கட்டடங்கள் மறைந்தன, பிறகு பிளாசாக்கள், பிறகு ரோட்டின் ஓரங்களும். பண்ணையில் இறங்கியபோது தோட்டம் முழுக்கத் தண்ணீர் நின்றது. வானமும் அதற்குள் கிடந்தது. டிராக்டர் ஒன்றை மேகத்தின் மேல் நிறுத்தி வைத்தது போலத் தெரிந்தது. எதற்காக வந்தேன் என்பதே சற்று நேரம் மறந்துபோனது.

மரியதாஸ் அண்ணை ரப்பர் பூட்ஸோடு வந்தார். மன்னார்க்காரர். ஃபாக்டரியில் உழைத்துச் சேர்த்ததையெல்லாம் இந்த நிலத்தில் போட்டு, மனைவி ரீற்றாவுடன் கத்தரி, மிளகாய்த் தோட்டம் செய்கிறார். இருவரும் என்னை ஓடைக்கரைக்குக் கூட்டிப்போனார்கள். கிணற்றுக்குப் பக்கத்தில் கரை பிளந்திருந்தது. அந்தப் பிளவில் பாறாங்கற்கள் புதிதாகக் கொட்டப்பட்டிருந்தன.

"உது எப்ப போட்டது, அண்ணை?"

"முந்தநாள். பாத்துக்கொண்டு நிண்டிருந்தால் கிணறும் போயிருக்கும், தங்கச்சி."

"நான் வரமுந்தித் தொடங்கக் கூடாதெண்டு எங்கடை கடிதத்திலை இருந்ததே?"

ரீற்றா அக்கா முந்திக்கொண்டார். "வெள்ளத்துக்கு முதலே கிடந்த கல்லெண்டு எழுதுங்கோவன். ஆருக்குத் தெரியப்போகுது?"

"எனக்குத் தெரியுமே, அக்கா."

சொல்லிவிட்டேன். ஃபைலைத் திறந்து பேனாவை எடுத்தேன்.

"அப்ப இந்த வருசத்தோடை காணியை விக்கவேண்டியதுதான்" என்றார் அண்ணை. குரலில் கோபமே இல்லை. அதுதான் தாங்க முடியாமல் இருந்தது.

உள்ளதை உள்ளபடி எழுதினேன். காருக்குத் திரும்ப மனம் வரவில்லை. ஓடையோடு மேல்நோக்கி நடந்தேன், அவர்களும் பின்னால் வந்தார்கள். பனி கலையக் கலைய மரங்கள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. ஓடை திரும்பும் வளைவில் கரை இன்னும் மோசமாக அரிபட்டிருந்தது. வேர்கள் அந்தரத்தில் தொங்கின. அங்கே யாரும் கை வைத்திருக்கவில்லை.

"இதை ஏன் அப்ளிகேஷனிலை போடேல்லை?"

"இது தூரத்திலை எல்லோ கிடக்கு. எங்களுக்குக் கிணறுதான் பயம்."

"கிணத்தடியை இடிக்கிற தண்ணி இந்த வளைவாலைதான் திரும்பி வருது, அண்ணை."

காரடிக்கு வந்து, பொனட்டில் வைத்து வளைவுக்கென்று புதிய விண்ணப்பம் ஒன்று நிரப்பினோம்.

கற்களுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. ரீற்றா அக்கா அதன்பிறகு வெகுநாள் என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. வளைவுக்கு அனுமதி வந்தது. வேர்விட்டுக் கரையை இறுக்கிப் பிடிக்கும் வில்லோ மரத் தடிகள் நட்டுப் புல் விதைத்தார்கள்.

அடுத்த வசந்த வெள்ளம் வடிந்ததும் அண்ணை போன் எடுத்தார். "கல்லிலை பாதியை வெள்ளம் இழுத்துக்கொண்டு போயிட்டுது, தங்கச்சி. வளைவு நிக்குது. கிணறும் நிக்குது."

இந்த வேலைக்குப் புதிதாக வருபவர்களுக்கு நான் சொல்வது இதுதான். விண்ணப்பத்தில் இருப்பது விவசாயி பயந்த இடம். சேதம் தொடங்கிய இடம் வேறெங்காவது இருக்கலாம். பொய் எழுதாதீர்கள். 'இல்லை' என்று எழுத நேர்ந்தால், எழுதிய கையோடு காரில் ஏறாமல் கரை முழுவதையும் ஒருமுறை நடந்து பாருங்கள்.