வேலியில் முட்டிய கயிறு

காரின் கதவைத் திறந்ததும் நெத்திலிக் கருவாட்டு வாசனை முகத்தில் அடித்தது. திருத்தணி பேருந்து நிலையம், காலை ஆறரை. கிருத்திகைக் கூட்டம், காவடி, மொட்டைத் தலைகள். எனக்கோ இருபது வருடங்களுக்கு முன் நான் நடந்து திரிந்த ஒரு வெறும் கடற்கரை கண்ணுக்குள் விரிந்தது.

“எங்கக்கா குடுத்தனுப்புனது சார். நீங்க போற குப்பத்துலதான் வாக்கப்பட்டிருக்கு, லவ் மேரேஜ்” என்றார் டிரைவர் தணிகைவேல், பக்கத்து கே.ஜி.கண்டிகைக்காரர். “இன்னிக்குப் போயி இந்த நாத்தத்தோட நிக்கிறேன். முருகன் கோச்சுக்கப் போறாரு.”

வாடகை மூவாயிரத்து இருநூறு. திருவள்ளூர், பொன்னேரி தாண்டி நூற்றுச் சொச்சம் கிலோமீட்டர். பத்து மணிக்கு நடுமேட்டுக்குப்பம். அந்த வெறும் மணலில் இப்போது ஒரு ரிசார்ட். அலை நக்கும் இடம்வரை மூங்கில் வேலி. உள்ளே குடைகள், சாய்வு நாற்காலிகள். அறை எடுத்துவிட்டு ஒன்றில் நானும் சாய்ந்தேன்.

பதினொன்றரை. வேலிக்குத் தெற்கே கரைவலை இழுத்துக்கொண்டிருந்தார்கள். வலைக்கு இரண்டு கயிறு, இரண்டு கும்பல். நீரோட்டம் வலையை வடக்கே தள்ளத் தள்ள, கும்பலும் கூடவே நடக்க வேண்டும். நின்றால் வலை கோணும், அடிவழியே மீன் கழன்றுவிடும். வடக்குக் கயிறு வேலியில் வந்து முட்டியது.

“கேட்டைத் தொறடா!” கயிற்றை இடுப்பில் சுற்றியபடி கத்தினார் ஏழுமலை, தணிகைவேலின் அக்கா வீட்டுக்காரர்.

காவலாளியும் அதே குப்பத்துக்காரர். “மேனேஜர் வந்துகினு இருக்காரு மாமா. கொஞ்சம் நில்லு.”

“அத மீனுங்களாண்ட சொல்லு! உங்கப்பனும் அந்தக் கயித்துலதான்டா கீறான்!”

காவலாளியின் கை தாழ்ப்பாளில் இருந்தது, நகரவில்லை. கயிறு நடுங்கியது. மிதவைகள் ஒருபக்கமாக அமுங்கத் தொடங்கின. என்னால் உட்கார முடியவில்லை. ஓடினேன்.

“ரூம் எடுத்தவன் சொல்றேன், தொறங்க!”

தாழ்ப்பாள் விலகியது. நானும் கயிற்றைப் பிடித்தேன். என்னைப் பார்த்து மற்ற விருந்தாளிகளும் வந்து கயிற்றைப் பிடித்தார்கள். சிரிப்பு, கூச்சல், செல்ஃபி. என் உள்ளங்கை உரிந்தது. வலை கரையேறியபோது பாதி மீன் போயிருந்தது.

மேனேஜர் வந்தார். சண்டை வரும் என்று நினைத்தேன். சிரித்தார்.

“கெஸ்ட்டுக்கெல்லாம் ரொம்பப் புடிச்சிருக்கே! தினமும் சாயந்தரம் நாலு மணிக்கு இழுங்க, கேட்டு தொறந்திருக்கும். மத்த நேரத்துல வேணாம்.”

அந்தக் கயிற்றில் முதலில் கை வைத்த விருந்தாளி நான்தான்.

அறையில் தங்க மனம் வரவில்லை. மூன்று மணிக்கே கிளம்பினோம். ஏழுமலை கார் ஜன்னலில் கை ஊன்றி நின்றார்.

“நாளைக்கு எப்ப பாவா வலை?” என்று அக்கா கணவரைக் கேட்டார் தணிகைவேல்.

“இன்னிக்கு மாதிரி காலைலதான். நாலு மணிக்கு மீனா வரும்? போட்டோ புடிக்கிறவன்தான் வருவான்.” பிறகு என் பக்கம் குனிந்தார். “நீங்க ஊருக்குப் போயிருப்பீங்க சார். நாளைக்குக் காலைல யாரு தொறக்கச் சொல்லுவா?”